கூத்தரும் ஆற்றுப்படையும்

(கொடைக்கானலில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று கூடியிருக்கும் இம்மலைத்தொடர் தமிழ் நூல்களில் பழம்பெருமை வாய்ந்தது. பழனியைப் பொதினி என்றும் ஆவினன்குடி என்றும் பண்டைச் சான்றோர் வழங்கினர். இம்மலைநாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும்பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், கார்காலத்துக் குளிரில் மயிலொன்று அகவி நின்றது கண்டு மனமிரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது நாமெல்லோரும் இளமையிலேயே பாடங்கேட்ட செய்தி. ஆடுகின்ற உயிர்க்கு ஆதரவு தருதல் இம்மலைக்குப் புதிதன்று என்பதற்கு இஃதொன்றே சாலும்.

பேகன் கதையை முதற்கண் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டு நம் சங்கத்துக் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்த குழுவில் யாமும் அமர்ந்திருந்தோம். மருத்துவம், பொறியியல், செவிலியம், கணக்கியல் ஆகியவற்றிற்கு வந்த விண்ணப்பங்கள் விரைவில் முடிவுற்றன. மலைச்சிற்றூர் ஒன்றினின்று ஓர் இளைஞர் விடுத்த விண்ணப்பம் மட்டும் எஞ்சி நின்றது. பட்டப்படிப்பை முடித்த அவர், நாடகக்கலையை முறையாகப் பயின்று, நடிகராகவும் பின்னர் நாடகம் பயிற்றும் ஆசிரியராகவும் விளங்க விரும்புவதாக எழுதியிருந்தார். குழுவினருள் சிலர் நகைத்தனர், சிலர் வருந்தினர். "கூத்தாடப் போகிறவனுக்குச் சங்கத்துப் பணம் எதற்கு?" என்று அவர் தந்தையாரே வினவியதாகவும் கேள்வியுற்றோம். முடிவு இப்பொதுக்கூட்டத்திற்கு விடப்பட்டுள்ளது. இன்று மாலை நீங்கள் கையுயர்த்துமுன், யாம் அறிந்தவற்றை உங்கள்முன் வைத்தல் எம் கடனாகும்.

தடைகள் இரண்டு. கூத்து இழிதொழில் என்பது ஒன்று; அதனால் வயிறு நிரம்பாது என்பது மற்றொன்று. முன்னதற்கு நூல்களும் வரலாறும் விடை கூறும். பின்னதற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. எனினும் மறையாது கூறுவோம்.

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தவர் நம் முன்னோர். அம்மூன்றனுள் ஒன்றைத் தாழ்ந்தது என்று தள்ளுவோமாயின், எஞ்சிய இரண்டனுக்கும் நாம் உரியவராவது எங்ஙனம்? பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள் என்பதை மாணவரும் அறிவர். அவற்றுள் மலைபடுகடாம் என்பதற்குக் கூத்தராற்றுப்படை என்பது மறுபெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையுற்று வழிவரும் கூத்தரைக் கண்டு, தான் சென்ற நெறியை எடுத்துரைக்கின்றான். மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே உளது, பாம்பு எங்கே மறைந்திருக்கும், புனங்காப்போர் எறியும் கவண்கல் எவ்விடத்தில் வந்து வீழும், எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என்பனவற்றையெல்லாம் ஒன்றும் விடாது கூறுகின்றான். இவனுடைய செய்கையை நன்கு நோக்குங்கள். தான் பெற்ற செல்வத்தை மறைத்துக்கொண்டு ஊர் திரும்பினானல்லன். பின்வருவோர்க்கு வழிகாட்டி நின்றான். கலைஞன் பெற்றதோடு நில்லாது பிறரை ஆற்றுப்படுத்தலும் வேண்டும் என்பதே நம்மவர் கொள்கை. நடித்தலும் நடிப்பைக் கற்பித்தலும் இருவேறு தொழில்களல்ல. ஒரே நெறியின் முற்பாதியும் பிற்பாதியுமாம். யாம் இன்று கூற விழைவது இவ்வொன்றே.

அந்நெறி குறுகியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் காண்மின். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுடைய அழகை மட்டும் பாடி அடிகள் அமையவில்லை. ஆடலாசான் எத்தகையவன், இசையாசான் எத்தகையவன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோர் என்னென்ன கற்றிருத்தல் வேண்டும் என்று ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் வகுத்தார். அரங்கிற்கும் அளவு கூறினார். இருபத்துநான்கு பெருவிரல் கொண்டதோர் கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று என்பது அவ்வளவு. அரங்கேறியவள் ஒருத்தி, அவளை அரங்கேற்றிய ஆசிரியன்மார் பலர். ஆசிரியனில்லாத ஆடல் அரங்கேறாது என்பது இதனாற் போதரும்.

இனி, நம் பாட்டன்மார் காலத்துக்கு வருவோம். இம்மலையடிவாரத்தோடு தொடர்புடைய பெரியார் ஒருவரின் வரலாறு நமக்கு வழிகாட்டும். அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867 ஆம் ஆண்டில், தூத்துக்குடிக்கு அணித்தான காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையாரிடம் தமிழ் கற்றபின், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய ஒருசாலை மாணாக்கர். பின்னாளில் நாடகமேடையிலும் திரைப்படத்திலும் பாட்டால் புகழ்பெற்ற உடுமலை நாராயண கவி, அக்கவிராயரின் மாணவராவர். மேடைத் தமிழின் வேர்களுள் ஒன்று இம்மலைநிழலில் ஊன்றியது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இத்துணைப் புலமை பெற்றிருந்தும் சங்கரதாசர் வயிற்றுப்பாட்டை மறந்தாரல்லர். இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். 24 ஆம் வயதில் அவ்வேலையை விடுத்து நாடகத்துறை புகுந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் முதலிய கொடிய வேடங்களில் அவர் தோன்றினால் அவையோர் நடுங்குவராம். ஒருகால் சனீஸ்வரனாக நடித்து, வேடத்தைக் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர்நீத்தாள் என்பர். அன்றுமுதல் அவர் வேடம் புனைதலை வெறுத்தார். சிலகாலம் துறவியைப்போல் தலங்கள் தோறும் திரிந்தார். புதுக்கோட்டையில் இலயவித்தகர் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன்போற் பேணினார்.

நடிப்பை விட்டவர் நாடகத்தை விட்டிலர். மேடையேறிய நடிகர் மேடைக்குப் பின்னே சென்று ஆசிரியரானார். பவளக்கொடி, வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, கோவலன் முதலிய நாடகங்களை இயற்றினார். இயற்றியவற்றைத் தாமே நடிகர்க்குக் கற்பித்தார். அக்காலத்து நடிகர் பலர் ஒழுங்கிற்கு அடங்காதவர். கதையை மறந்து, ஒருவரையொருவர் வெல்லும் பொருட்டு விடியுமளவும் பாடிக்கொண்டிருப்பவரும் உண்டு. ஆகவே சுவாமிகள் சிறுவரைக்கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். 1918 ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அதன் ஆசிரியர் அவரே. வசனத்தைத் திருத்தமாகச் சொல்லுதல், தாளம் பிசகாது பாடுதல், பிறர் பேசும்போது தான் நிற்கவேண்டிய முறை ஆகியவற்றை அவர் பயிற்றினார். அவர் தமக்கு எத்தனை வேடங்கள் கட்டினார் என்பதை இன்று நினைப்போர் சிலரே. 'நாடகத் தலைமையாசிரியர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இப்பெயர் அளிக்கும் மகிழ்ச்சி பெரிது.

அச்சபையில் 1918 ஆம் ஆண்டில் சேர்ந்த சிறுவருள் ஒருவர் தி. க. சண்முகம். 1912 ஆம் ஆண்டில் பிறந்த அவர்க்கு அப்போது ஆறே வயது. நாரதர் வேடத்தில் மேடையேறிய அச்சிறுவர் பொருட்டு, அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து கூறும் செய்தி. பாட்டும் வசனமும் கொண்ட முழுநாடகத்தை ஒரு மாணாக்கன்பொருட்டு விடியுமுன் எழுதிய ஆசிரியரை வேறெங்குக் காண்போம்! பின்னர் வாதநோய் சுவாமிகளின் நாவை அடக்கியது. 1922 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் அவர் புதுச்சேரியில் மறைந்தார். விளக்கு அணைந்தது, ஆனால் அதனினின்று ஏற்றிய விளக்குகள் அணையவில்லை. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் 1925 ஆம் ஆண்டில் தம் சொந்தச் சபையைத் தொடங்கினர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். இராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோர் அங்கே வளர்ந்தனர். சகஸ்ரநாமம் பின்னர்ச் சேவா ஸ்டேஜ் என்னும் குழுவை நிறுவிப் பிறரை வளர்த்தார். சண்முகம் ஔவையாராக நடித்து அப்பெயரையே தம் பெயரின் முன் பெற்றார். நாடகக்கலையைப் பற்றி நூலெழுதினார். தாம் நடந்த வழியை 1972 ஆம் ஆண்டில் வெளிவந்த தன் வரலாற்றில் விரித்துரைத்தார். இதுவன்றோ மெய்யான கூத்தராற்றுப்படை!

இவ்வாறு புகழ்வதால், பழைய பாலர் சபைகள் மீண்டும் வரல் வேண்டும் என்று யாம் கூறுவதாக எண்ணற்க. ஆறு வயதுக் குழந்தையைத் தாயினின்றும் பள்ளியினின்றும் பிரித்து, ஊரூராய்க் கொண்டுசென்று இரவெல்லாம் விழிக்கவைத்த முறை அது. புகழ்பெற்றவர் பெயரை நாம் அறிவோம். பெறாதவர் பெயரை யார் அறிவார்? சிறுவர்க்குக் குரல் உடையும் பருவத்தை மகரக்கட்டு என்பர். அப்பருவம் வந்தவுடன், நேற்றுவரை இராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் விளங்கியவன் வேடமிழந்து நிற்பான். எழுத்துக் கல்வியும் இல்லை. வேறு கைத்தொழிலும் இல்லை. 'கூத்தாடி' என்ற சொல்லை நம் பெரியோர் அச்சத்தோடு சொன்னதற்கு இத்தகைய வாழ்க்கைகளும் காரணம். அவ்வச்சத்தை யாம் இகழோம். ஆனால் அஃது எதன்மேல் எழுந்தது என்று தெளிதல் வேண்டும். குற்றம் கூத்தினதன்று, கல்வியும் காப்பும் இல்லாத வாழ்வினது. நம் இளைஞரோ பள்ளிக்கல்வியும் பட்டமும் பெற்றபின்னரே இந்நெறியை நாடுகின்றார். குரல் உடைந்தபின் செய்வதறியாது நின்ற சிறுவர் நிலை இவர்க்கில்லை.

இனிக் கற்றபின் நாடகத்திற்குச் சென்றோர் வரலாற்றைக் காண்போம். அதற்கும் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை; நம் திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமமே போதும். 1935 ஆம் ஆண்டில் நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம் காந்திகிராமத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ஆசிரியராக இருந்துகொண்டே தாம் மாணவராதல் வேண்டும் என்று விழைந்து, புதுதில்லித் தேசிய நாடகப் பள்ளியில் இப்ராகிம் அல்காசியிடம் பயின்று, 1967 ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றார். 1977 ஆம் ஆண்டில் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை, தமிழ்நாட்டு நவீன நாடகத்துக்கு ஒரு திருப்பமாயிற்று. அதிற் பயின்றவருள் ஒருவர் தமிழ்ப் பேராசிரியரான மு. இராமசாமி. அவர் அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். இராமானுஜம் திருச்சூர் நாடகப் பள்ளியிலும், பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்க்குப் பயிற்றினார். திரோயப் போரில் கணவரையும் மக்களையும் இழந்த மகளிரைப் பற்றி யூரிப்பிடீசு என்னும் கிரேக்கப் புலவர் பாடிய நாடகத்தை, நம் நாட்டு ஒப்பாரியோடு இணைத்து 'வெறியாட்டம்' என்று அரங்கேற்றினார். வெறியாட்டு என்பது முருகவேளுக்குரிய வேலன் ஆடும் ஆடல், குறிஞ்சித்திணைக்கு உரியது. கிரேக்கத்துத் துயரமும் நம் மலைநிலத்துப் பெயரும் ஒரு மேடையில் கூடின. திருக்குறுங்குடிக் கோயிலில் கைசிக நாடகம் புத்துயிர் பெறுவதற்கும் அவர் உழைத்தார். 2008 ஆம் ஆண்டிற்குரிய சங்கீத நாடக அகாதமி விருது அவரை அடைந்தது. 2016 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரிடம் பயின்றோர் இன்றும் பிறர்க்குப் பயிற்றிவருகின்றனர்.

இனி இரண்டாம் தடை. நாடகத்தால் வயிறு நிரம்புமா? உள்ளதை உள்ளவாறே கூறுவோம். நாடகம் ஒன்றையே நம்பி, திங்கள்தோறும் குறித்த ஊதியம் பெறுவோர் நம் நாட்டில் மிகச் சிலர். நம் பள்ளிகளில் நாடகத்திற்கென்று தனி ஆசிரியர் பணியிடம் இருத்தல் அரிது. திரைப்படத்தின் ஒளியைக் கண்டு நாடகத்திற்கு வருவோர் பலர். அவ்வொளி விழுவது சிலர்மேலேயே. இவற்றை மறைத்து ஓர் இளைஞரை அனுப்புதல், பொறி வைத்த வழியைச் சொல்லாது ஆற்றுப்படுத்துதல் போலாம்.

ஆயினும் வழி அடைபட்டதன்று. தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு உளது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத் துறையை வளர்த்துள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளியோ சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பழனியார்பால் தமிழ் கேட்ட மாணவர், புதுச்சேரியில் உயிர்நீத்து, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பெயராய் வாழ்கின்றார். இவற்றுள் ஒன்றிற் பயின்று, உடன் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவர், தமிழோ வரலாறோ கற்பித்துக்கொண்டே நாடகமும் கற்பிக்கலாம். இராமானுஜம் ஆசிரியராக இருந்தே நாடகம் கற்கச் சென்றார் என்பதை மறவற்க. இருபதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால் யாம் ஒன்று கூறுவோம். செய்யுளை வாய்விட்டுப் படிக்க நாணித் தலைகவிழ்ந்திருக்கும் மாணவன், பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு சிறு வேடம் ஏற்றபின் நிமிர்ந்து பேசுகின்றான். ஒரு சொல்லை எங்கே நிறுத்துவது, எங்கே உயர்த்துவது என்று அறிந்தவனுக்கு அச்சொல்லின் பொருளும் விளங்குகின்றது. நாடகம் பயிற்றத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பாராயின், தமிழ்ப் பாடத்தை அஞ்சும் மாணவர் தொகை குறையும் என்பது எம் துணிபு.

அவ்விளைஞர்க்கும் சில கூறவேண்டும். நடிப்பைக் கற்குமுன் மொழியைக் கற்க. ஆசிரியர் ஒருவரை நாடி, அவர் மேடையைப் பெருக்கச் சொன்னாலும் மனங்கோணாது பெருக்குக. வள்ளி திருமணம் இன்றும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் விழாக்களில் இரவு முழுதும் நடைபெறுகின்றது. தினைப்புனம் காத்த குறமகளின் கதை நம் மலைக்கதையேயாம். அதனைப் படித்தவர் என்ற செருக்கோடு நோக்காது, மாணவராக நின்று நோக்குக. தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் பழனி நோக்கிவரும் காவடியாட்டத்திலும், பளியர் முதலிய மலைக்குடியினரின் ஆடல் பாடல்களிலும் கற்பதற்கு எவ்வளவோ உண்டு. கற்றபின் நகரிலேயே தங்கிவிடாது, இம்மலைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க.

பெற்றோரே! மகன் மருத்துவனாக விரும்பினால் மகிழ்கின்றீர்கள். நடிகனாக விரும்பினால் குடிப்பெயர் கெட்டது என்கின்றீர்கள். சண்முகத்தின் தந்தையாரும் பெண்வேடம் புனைந்த நடிகரே. அவர் குடிப்பெயர் கெட்டதா? இன்று அதனை நாடே அறியும். மகள் விரும்பினாலும் இதுவே எம் விடை. பெண் வேடத்தை ஆண்பிள்ளைகளே புனைந்த காலம் கழிந்தது. அவள் படிக்கச் செல்லும் இடம் எது, ஆசிரியர் யாவர் என்று ஆராய்ந்து அனுப்புங்கள், ஆராயாது தடுக்காதீர்கள்.

இக்கொடைமலையில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2018 ஆம் ஆண்டில் பூத்தது. இனி 2030 ஆம் ஆண்டில் பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் வருவோர் வெறும் புதரையே காண்பர். வேரில் நடைபெறும் வேலையைக் காணார். பூத்தபின் அச்செடி விதையை மண்ணிலிட்டு மடியும். அடுத்த பூப்பு அவ்விதையினின்று வருவது. கலைஞன் வாழ்வும் அத்தகையது. கற்கும் ஆண்டுகளில் பயன் காணவில்லையே என்று பழித்தல் தகாது. பூத்தவன் விதையிடாது போதலும் தகாது.

பேகன் தன் பொருளை ஈந்தான். ஆதலின் கணக்குப் பார்த்திலன். நம் நிதியோ நம்மவர் பலரும் சிறுகச்சிறுகச் சேர்த்தது. கணக்குப் பார்த்தே ஈதல் கடமை. ஆகவே யாம் முன்வைப்பது இதுவே. ஏனைய மாணவர்க்கு அளிக்கும் அதே அளவு உதவியை இவ்விளைஞர்க்கும் அளிப்போமாக. குறையவும் வேண்டா, மிகவும் வேண்டா. ஆண்டுதோறும் பயிற்சியில் தேறிய சான்றினை அவர் காட்டல் வேண்டும். படிப்பு முடிந்தபின் மூன்று கோடை விடுமுறைகளில் இங்கு வந்து, எம்மரபினர் என்றும் பிறர் என்றும் பாராது, இம்மலையூர்ப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பித்தல் வேண்டும். கொடுத்த பொருள் அவ்வகையால் நமக்கு மீளும்.

இத்தீர்மானம் மாலைக் கூட்டத்தில் உங்கள்முன் வரும். நன்கு எண்ணிக் கையுயர்த்துமாறு வேண்டி அமைகின்றோம்.